யாருக்காக இந்தப் பெட்டி? வியாசர்பாடிக் கடையும் நிண்டெண்டோவின் கணக்கும்

2022 கோடையில், வடசென்னையின் வியாசர்பாடியில் எம்.கே.பி. நகருக்குப் போகும் வழியில் உள்ள ஒரு வீடியோ கேம் கடையில், கடைக்காரரான மாமனும் அவருடைய அக்கா மகனான மருமகனும் மூன்று வாரம் வாதாடினார்கள். கையில் இருந்தது ஐம்பதாயிரம் ரூபாய். அதைக் கொண்டு சோனி நிறுவனத்தின் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 5 வாங்குவதா, நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் வாங்குவதா என்பதுதான் கேள்வி. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்தக் கடைக்கும் நான்தான் எழுதுகிறேன் என்பதால், தீர்ப்புச் சொல்லும்படி இருவரும் என்னைக் கேட்டார்கள். அதற்காகப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, இந்தக் கடைக்குள் நடந்த வாதமும் ஜப்பானின் கியோட்டோ நகரில் நிண்டெண்டோ நிறுவனம் நாற்பது ஆண்டுகளாகத் தனக்குள் நடத்திவரும் வாதமும் ஒன்றுதான் என்று தெரிந்தது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கடையின் நிலை

வீட்டின் முன்னறைதான் கடை. மூன்று பிளேஸ்டேஷன் 4, மூன்று தொலைக்காட்சிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள். மணிக்கு ஐம்பது ரூபாய். காலை பத்து மணி முதல் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். மூன்று இயந்திரங்களுக்கும் சேர்த்து ஒரு நாளில் விற்கக்கூடிய நேரம் 36 மணி. வார நாட்களில் உண்மையில் விற்றது பதினைந்து, பதினாறு மணி. அதிலும் பதின்மூன்று மணி, மாலை நான்குக்குப் பிறகு விற்றது. பகல் முழுவதும் மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

வந்தவர்கள் எல்லோரும் பதினான்கு முதல் இருபத்திரண்டு வயதுக்குள் இருந்த பையன்கள். விளையாடியது பெரும்பாலும் கால்பந்து. இதில் வியப்பு இல்லை. வியாசர்பாடியில் காலையில் மைதானத்தில் பந்தை உதைத்த கால்கள்தாம் மாலையில் கடைக்கு வரும். தாங்கள் ஆடும் ஆட்டத்தைத் திரையிலும் ஆட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. சின்னப் பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். பெண் பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு பெண் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்து பணம் கொடுத்து விளையாடியதாக என் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

இரு தரப்பு

மாமனின் வாதம் எளிமையானது. "பணம் கொடுப்பவன் யாரோ அவனுக்காகத்தான் கடை. அவன் கால்பந்து கேட்கிறான். அவனுக்கு நல்ல படத்தோடு, வேகத்தோடு கொடுத்தால் மணிக்கு எண்பது ரூபாய் கொடுப்பான். நான் எதற்கு யாருக்கும் பெயர் தெரியாத பெட்டியை வாங்க வேண்டும், மாப்பிள்ளை?"

ஸ்விட்சில் வந்த கால்பந்து விளையாட்டைப் பற்றியும் அவர் விசாரித்து வைத்திருந்தார். ஃபிஃபா 20 முதல் ஸ்விட்சுக்கு வந்த பதிப்புகள் 'லெகசி' பதிப்புகள். ஆட்டம் பழையது; வீரர்களின் பட்டியலும் சட்டையும் மட்டும்தான் புதியவை. அந்தப் பையன்கள் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவர் சொன்னது முழுக்கச் சரி.

மருமகன் அப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு. "மாமா, உள்ளே இருப்பவனைப் பற்றியே பேசுகிறீர்கள். வாசலில் நிற்பவனை யார் பார்ப்பது? பக்கத்துக் கேரம் மன்றத்தைப் பாருங்கள். ஏழு வயதும் எழுபது வயதும் ஒரே பலகையில் உட்காருகிறார்கள். அந்தப் பலகையில் என்ன புதுமை இருக்கிறது?"

வடசென்னையில் கேரம் என்று சொன்னால் அதற்கு எடை அதிகம். தெருவுக்குத் தெரு மன்றம் இருக்கும் ஊர் இது. 2024-இல் அமெரிக்காவில் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், புது வண்ணாரப்பேட்டைக்காரர். மரப்பலகை, வலை கட்டிய நான்கு குழிகள், காய்கள், ஸ்ட்ரைக்கர். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. இந்த ஒப்புமை மருமகனுக்குத் தானாகத் தோன்றியது. அவனுக்குத் தெரியாமலே அது நிண்டெண்டோவின் மையக் கொள்கையைத் தொட்டுவிட்டது.

கியோட்டோவின் கணக்கு

நிண்டெண்டோ 1889-இல் ஹனஃபுடா என்னும் ஜப்பானியச் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம். மின்னணுவியலுக்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. அங்கே பணியாற்றிய குன்பெய் யோகோய் ஒரு கொள்கையை வகுத்தார். நன்றாகப் பழகி, விலை விழுந்து, புதுமை தேய்ந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள். அதை யாரும் எதிர்பாராத இடத்தில் பயன்படுத்து. கால்குலேட்டர்களால் மலிவாகியிருந்த எல்சிடி திரையைக் கொண்டு 1980-இல் அவர் 'கேம் அண்ட் வாட்ச்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியைச் செய்தார். 1989-இல் அடுத்த கைக்கருவியான கேம் பாய் வந்தது. அதில் வண்ணம் கிடையாது. போட்டியாளரான சேகாவின் கேம் கியர் வண்ணத்தில் வந்தது, ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. கேம் பாய் நான்கு பேட்டரிகளில் அதைவிட வெகுநேரம் ஓடியது. கேம் பாயும் அதன் பின்வந்த வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

இந்தக் கொள்கையை நிறுவனம் எப்போதும் கடைப்பிடித்தது என்று நினைத்துவிடக் கூடாது. இடையில் சில ஆண்டுகள் தடுமாறியது. 1996-இல் வந்த நிண்டெண்டோ 64, போட்டியாளர்கள் குறுந்தகட்டுக்குப் போன பிறகும் சில்லு பொதிந்த விளையாட்டுக் கேசட்டைக் கைவிடவில்லை. கேசட்டில் இடம் குறைவு, தயாரிப்புச் செலவு அதிகம். அதனால் வெளி நிறுவனங்கள் பல சோனி பக்கம் போயின. 2001-இல் வந்த கேம்கியூப் திறனில் பிளேஸ்டேஷன் 2-க்குச் சளைத்தது அல்ல. ஆனால் அது விற்றது 2 கோடியே 17 லட்சம், பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கு மேல். சோனி இருபது வயது இளைஞனைக் குறிவைத்தது. நிண்டெண்டோவும் அதே பந்தயத்தில் ஓடியது, ஆனால் பிள்ளைகளின் பொம்மை என்ற பெயரைச் சுமந்துகொண்டு ஓடியது.

2002-இல் தலைவரான சதோரு இவாத்தா பந்தயத்தையே மாற்றினார். விளையாடுபவனுக்கு இன்னும் சிறந்த பெட்டி எது என்று கேட்பதை விட்டுவிட்டு, விளையாடாதவர் ஏன் விளையாடவில்லை என்று கேட்டார். விளையாடுவோர் தொகையைப் பெருக்குவதே நிறுவனத்தின் வேலை என்று அறிவித்தார். அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடை இது: பொத்தான்கள் நிறைந்த கண்ட்ரோலரே பலருக்கு அச்சம் தருகிறது. 2004-இல் வந்த டிஎஸ் கருவியில் திரையைத் தொட்டே விளையாடலாம். அது 15 கோடிக்கு மேல் விற்றது. 2006-இல் வந்த வீ (Wii) என்னும் பெட்டி, தொலைக்காட்சி ரிமோட் போன்ற ஒன்றைக் கையில் கொடுத்தது. டென்னிஸ் ஆட வேண்டுமா, கையை வீசு. பந்து உருட்ட வேண்டுமா, கையை உருட்டு. வேறு எதுவும் கற்க வேண்டாம்.

வீயின் உள்ளே இருந்தது கேம்கியூப் வழிவந்த வன்பொருள்தான்; உயர்தெளிவுப் படம்கூட அதில் வராது. விலை 250 டாலர். அதே பருவத்தில் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் விலை 499, 599 டாலர்; அப்படியும் சோனி ஒவ்வொரு பெட்டியையும் நட்டத்துக்கே விற்றது, விளையாட்டு விற்பனையில் ஈடுகட்டலாம் என்று. நிண்டெண்டோ பெட்டியிலேயே லாபம் பார்த்தது. வீ 10 கோடியைத் தாண்டியது.

இந்த இடத்தில்தான் மருமகன் மேசையைத் தட்டினான். "பார்த்தீர்களா?" என்றான். மாமன் அசரவில்லை. "அடுத்தது என்ன ஆயிற்று, அதையும் படியுங்கள், சார்" என்றார் என்னிடம். அவர் சரியாகத்தான் கேட்டார்.

அடுத்து வந்தது 2012-இன் வீ யூ. அது புதிய இயந்திரமா, பழைய வீக்கு ஒரு துணைக்கருவியா என்பதே வாங்குபவர்களுக்கு விளங்கவில்லை. 1 கோடியே 35 லட்சம்தான் விற்றது. ஆறு ஆண்டுக்கு முன் கையை வீசி டென்னிஸ் ஆடிய பாட்டியும் அம்மாவும் எங்கே போனார்கள்? 2007-இல் ஐஃபோன் வந்தது, 2008-இல் அதன் ஆப் ஸ்டோர் வந்தது. அவர்கள் கைப்பேசியில் இலவசமாக விளையாடப் போய்விட்டார்கள். என் பார்வையில் இந்த வரலாற்றின் முக்கியப் பாடம் இதில்தான் இருக்கிறது. விளையாடாதவரை உள்ளே அழைத்து வந்தால் கூட்டம் பெருகும்; ஆனால் அவர் உன் பெயரைப் பார்த்து வந்தவர் அல்லர், எளிமையைப் பார்த்து வந்தவர். அதைவிட எளிமையானது கிடைத்த அன்று எழுந்து போய்விடுவார். கால்பந்துப் பையன் அப்படி எழுந்து போக மாட்டான். மாமனின் வாதத்துக்கு வலு சேர்ப்பது இதுவே.

விலையிலும் ஓர் அடி விழுந்தது. 2011 பிப்ரவரியில் 25,000 யென்னுக்கு வந்த, டிஎஸ்ஸின் வாரிசான 3டிஎஸ் கருவியை, விற்பனை தளர்ந்ததால், ஆகஸ்டிலேயே 15,000 யென்னுக்குக் குறைக்க வேண்டி வந்தது. 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் நட்டம் காட்டியது. இவாத்தா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2015-இல் அவர் மறைந்தபோது, அடுத்த இயந்திரம் இன்னும் வெளிவரவில்லை. அவருடைய கடைசி ஆண்டுகளின் கணக்கைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. எண்களைத் தொழிலாகக் கொண்டவனுக்கும் சில எண்கள் வெறும் எண்கள் அல்ல.

2017 மார்ச்சில் வந்த ஸ்விட்ச், அந்தத் தோல்வியிலிருந்து பொறுக்கி எடுத்த பொருட்களால் கட்டியது. வீ யூவில் இருந்த, கையில் பிடிக்கும் திரையுள்ள கண்ட்ரோலர் என்ற எண்ணத்தை எடுத்து, வீட்டில் தொலைக்காட்சியிலும் வெளியில் கையிலும் ஓடும்படி செய்தார்கள். உள்ளே இருந்த என்விடியா சில்லு 2015-இல் அறிமுகமான குடும்பத்தைச் சேர்ந்தது. மிக அதிகமாக விற்ற விளையாட்டு, மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்னும் கார்ப் பந்தயம். அது 2014-இல் வீ யூவுக்கு வந்ததன் மறுபதிப்பு. ஆறு கோடிக்கு மேல் விற்றது. ஸ்விட்ச் மொத்தமாக 15 கோடியைத் தாண்டியது.

முந்தைய தவற்றை இந்த முறை திருத்திக்கொண்டார்கள். விளையாடாதவரை மட்டும் நம்பவில்லை. முதல் நாளே செல்டா தொடரின் 'பிரத் ஆஃப் தி வைல்ட்' என்ற நீண்ட, கடினமான விளையாட்டை வைத்தார்கள். அது தீவிர ரசிகனுக்கானது. அடுத்த மாதமே மாரியோ கார்ட். அது வீட்டில் உள்ள எல்லோருக்கும். ஒரே பெட்டியில் இரு கூட்டம்.

'எல்லோருக்கும்' என்பதில் நாம் இருக்கிறோமா?

இங்கேதான் எனக்கு அந்த நிறுவனத்தோடு கடுமையான கருத்து வேறுபாடு. குடும்பத்துக்கானது, வயது வேறுபாடு இல்லாதது என்று சொல்லப்படும் ஸ்விட்ச், இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படவே இல்லை. வேண்டுமானால் சென்னையின் மின்னணுச் சந்தைகளான பர்மா பஜாருக்கோ ரிச்சி தெருவுக்கோ போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டி, வியாபாரி சொல்வதே விலை. உத்தரவாதம் என்பது அவர் வாய்ச்சொல்தான்.

சோனியின் கதை வேறு. பிளேஸ்டேஷன் 2-ஐ இந்தியாவில் நேரடியாக விற்றது. பிளேஸ்டேஷன் 3 வந்த பிறகும் அதைக் கைவிடவில்லை. 2009-இல் அனுமனை நாயகனாக வைத்து ஒரு விளையாட்டு, நம் ஊர் ஆட்டங்களைத் தொகுத்து 'தேசி அட்டா' என்ற விளையாட்டு, இரண்டையும் அந்தப் பழைய பெட்டிக்காக வெளியிட்டது. அவை தரத்தில் சிறந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தெருவில் வாங்குபவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அவை ஒப்புக்கொண்டன. இளைஞனைக் குறிவைத்ததாகச் சொல்லப்படும் சோனி வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்தது. எல்லோருக்குமான நிண்டெண்டோ வரவில்லை. இலக்கு வாடிக்கையாளர் யார் என்று ஒரு நிறுவனம் விளம்பரத்தில் சொல்வதை நான் பொருட்படுத்துவதில்லை. எங்கே கடை திறக்கிறது, என்ன விலை வைக்கிறது என்பதே அதன் உண்மையான பதில்.

விலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிற நிறுவனங்களின் விளையாட்டுகள் ஓராண்டில் பாதி விலைக்கு இறங்கும். நிண்டெண்டோவின் சொந்த விளையாட்டுகள் லேசில் இறங்குவதில்லை. நான் இதைக் குறையாகத்தான் எழுதி வைத்திருந்தேன். மருமகன் திருத்தினான். "அண்ணா, விலை இறங்காவிட்டால் மறுவிற்பனையிலும் இறங்காது. நாலாயிரத்துக்கு வாங்கிய கேசட்டை ஓராண்டு கடையில் ஓட்டிவிட்டு மூவாயிரத்துக்கு மேல் விற்கலாம். கால்பந்து டிஸ்கை அடுத்த ஆண்டு யார் வாங்குவார்?" கடைக்காரனின் பார்வையில் அது முழு உண்மை. வாங்க வழியில்லாத வீட்டின் பார்வையில் நான் எழுதியதும் உண்மை. இரண்டையும் அழிக்காமல் குறிப்பில் விட்டுவிட்டேன்.

என் பரிந்துரையும் பிறகு நடந்ததும்

நான் ஸ்விட்ச் வாங்கச் சொன்னேன். காரணம் நிண்டெண்டோ மீதான மதிப்பு அல்ல, கடையின் காலி நேரம். பிளேஸ்டேஷன் 5 வாங்கினால் கூடப்போவது மாலை நெரிசலில் நாலைந்து மணி நேரம். பகல் ஆறு மணி நேரம் அப்போதும் காலியாகவே கிடக்கும். மேலும் பிளேஸ்டேஷன் 5-இன் அறிமுக விலை 49,990 ரூபாய், அதுவும் அப்போது சரக்கு தட்டுப்பாடு. ஸ்விட்ச் பாதி விலையில் முடிந்துவிடும். பெட்டியோடு வரும் ஜாய்கான் என்னும் இரண்டு சிறு கண்ட்ரோலர்களைப் பிரித்துக் கொடுத்தால் இருவர் ஆடலாம். இரண்டாவது கண்ட்ரோலருக்குத் தனிச்செலவு இல்லை. மீதிப் பணத்தில் மாரியோ கார்டும் ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸும் வாங்கினார்கள்.

பெட்டி வந்ததால் மட்டும் யாரும் வரவில்லை. முதல் மாதம் அது தூசு படிந்து கிடந்தது. மாமன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. வீ யூவுக்கு நேர்ந்ததுதான் இங்கேயும் நேர்ந்தது: யாருக்கான பொருளோ அவர்களிடம் சொல்லவே இல்லை. பதினேழு வயதுப் பையன்கள் கூச்சல் போடும் அறைக்குள் எந்தத் தாய் எட்டு வயதுப் பெண்ணை அனுப்புவாள்?

தீர்வு கண்டவர் கடைக்காரரின் அக்கா, மருமகனின் தாய். தையல் வேலை செய்பவர். "காலையில் நான் இங்கே வந்து உட்காருகிறேன்" என்றார். தையல் இயந்திரத்தைக் கடைக்குள் கொண்டுவந்து போட்டார். பத்து மணி முதல் ஒரு மணி வரை பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் மட்டும், அரை மணிக்கு இருபது ரூபாய் என்று அட்டையில் எழுதி மாட்டினார்கள். ரவிக்கை அளவு கொடுக்க வந்த பெண்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். சிலர் தாமே ஜாய்கானை வாங்கிப் பேட்மின்டன் ஆடினார்கள். பள்ளி விடுமுறை நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாசலில் செருப்பு குவிந்தது. பெண் பெயர்கள் என் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தது அப்போதுதான். நான் படித்த எந்த நிறுவன வரலாற்றிலும் இந்தத் தையல் இயந்திரத்துக்கு இணையான உத்தி ஒன்று இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பிளேஸ்டேஷன்களைத் துணியில் சுற்றிப் பரண்மீது ஏற்றினார்கள். மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் மருமகன் ஸ்விட்சை மாடிப்படியில் நிறுத்தி வைத்து, அது தாங்கியவரை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை ஆடவிட்டான். காசு வாங்கவில்லை. கையில் எடுத்துப் போகும் வடிவமைப்பு யாரை நினைத்துச் செய்யப்பட்டதோ, தண்ணீர் நின்ற தெருவில் அது இப்படி உதவியது.

வருவாயை மறைக்காமல் சொல்கிறேன். ஸ்விட்சின் மணி நேர வருவாய் பிளேஸ்டேஷனைவிடக் குறைவு. மாலைப் பணம் இன்றும் கால்பந்திலிருந்தே வருகிறது. ஆனால் காலி நேரத்தில் வந்த பணத்துக்கு எதிராகக் கூடுதல் வாடகை இல்லை, கூடுதல் ஆள் இல்லை. பதினாறு மாதத்தில் ஸ்விட்ச் தன் விலையை எடுத்துவிட்டது. 2024-இல் மாமனும் தாம் கேட்ட பிளேஸ்டேஷன் 5-ஐ வாங்கிவிட்டார். அவர் தோற்கவில்லை, அவருடைய வாடிக்கையாளர் உண்மையானவர், எழுந்து போகாதவர்.

இப்போது அடுத்த வாதம் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வந்தது, அமெரிக்காவில் 449.99 டாலருக்கு. முதல் ஸ்விட்ச் 299.99 டாலருக்கு வந்தது. ஒன்றரை மடங்கு. ஆனால் ஜப்பானில் நிறுவனம் வேறொன்று செய்தது. ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் பெட்டியை 49,980 யென்னுக்கும், பல மொழிகளில் இயங்கும் அதே பெட்டியை 69,980 யென்னுக்கும் வைத்தது. தன் மண்ணில் வாங்குபவனின் சட்டைப்பைக்கு எட்டும்படி, மொழியால் பூட்டி, இருபதாயிரம் யென் குறைத்தது.

மருமகன் இப்போது வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைக்கு வருகிறான். இந்த இரண்டு விலைகளையும் ஒரு தாளில் எழுதி மாமனிடம் காட்டினான். அவர் நெடுநேரம் அதைப் பார்த்தார். "அப்படியானால் குறைக்கத் தெரியாமல் இல்லை" என்றார். அக்கா தையலை நிறுத்திவிட்டு, "தமிழில் பேசும் பெட்டியை இந்த விலைக்குக் கொடுக்கச் சொல், நானே பணம் போடுகிறேன்" என்றார்.

இந்த ஆண்டுக்கான வாங்கும் பட்டியலில் 'ஸ்விட்ச் 2' என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். எதிரே தொகை போடவில்லை.